ஒருவருக்கு ஒரு வரிசை

பிப்ரவரி 4

அன்புள்ள ஆசிரியா,

நம் இணைய இதழை இடம் மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒரு படைப்புக்கு ஒரு கோப்பு என்று இத்தனை வருஷம் போட்டுப் போட்டு, இப்போது எதையாவது தேடினால் கணினி எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து வாசிக்கிறது. நம் இதழை முழுசாக வாசிக்கிற ஒரே ஜீவன் அதுதான், அதுவும் களைத்துவிட்டது. இனி எல்லாம் டேட்டாபேஸில். படைப்புகளுக்கு ஓர் அட்டவணை, எழுதியவர்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் நடுவே உறவு. "உறவுமுறைத் தரவுத்தளம்" என்று சொன்னதும் என் மனைவி, "ஏங்க, கல்யாண புரோக்கர் வேலையும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

எழுதியவர்கள் அட்டவணையில் ஒருவருக்கு ஒரு வரிசைதான். அவருக்கு அடையாளம் அவருடைய மின்னஞ்சல் முகவரி. முப்பது பேருக்கு முகவரி இல்லை, பட்டியல் இணைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு கதையும். விமர்சகர் உரைகல் நம் இதழிலேயே என் ஒரே தொகுப்பைக் கிழித்துத் தொங்கவிட்ட பிறகு, பதினெட்டு வருஷம் கழித்து எழுதிய கதை. உன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். நன்றாக இல்லையென்றால் அதையே சொல்.

உன்,
பொறியாளன்

*

பிப்ரவரி 11

அருமைப் பொறியாளா,

நீ இல்லையென்றால் இந்த இதழ் என்றைக்கோ மூச்சை விட்டிருக்கும். கதை மேசைமேல்தான் இருக்கிறது. அவசரமாகப் படிக்கக் கூடாத கதை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது; அதனால் இன்னும் படிக்கவில்லை.

அந்த முப்பது பேரும் கூச்ச சுபாவக்காரர்கள். முகவரியைக் காலியாக விட்டுவிடு. முதுகுவலி தேவலை. நீ ஏன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று இங்கே என்னைத்தான் குடைகிறார்கள்.

என்றும் உன்,
ஆசிரியன்

*

பிப்ரவரி 14

அன்புள்ள ஆசிரியா,

காலியாக விட்டால் டேட்டாபேஸ் ஏற்காது. எழுதியவர் உள்ளே வந்து தன் எழுத்தைத் திருத்த அந்த முகவரிதான் சாவி. ஒரே முகவரியை இரண்டு பேருக்குக் கொடுக்கவும் முடியாது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடும். கூச்சக்காரர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்.

கதை?

உன்,
பொறியாளன்

*

பிப்ரவரி 20

அருமைப் பொறியாளா,

உன்னிடம் எனக்கென்ன ஒளிவுமறைவு! முப்பதுக்கும் என் முகவரியையே போடு. எல்லாரும் நான்தான். முறைக்காதே. ஒரு பத்திரிகை என்றால் ஆள் நடமாட்டம் வேண்டாமா? பாராட்ட ஒருத்தன், ஏச ஒருத்தன், நடுவில் புகுந்து சமாதானம் பேச ஒருத்தி. 'ஒரு வாசகி'யைப் பெண் கேட்டே கடிதங்கள் வந்தன, தெரியுமா? நாசூக்காக மறுத்து எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உள்ளே நான் ஒருவனாக இருந்துகொள்கிறேன். வெளியே முப்பது பேராகத் தெரிய ஒரு வழி செய். உன்னால் முடியாததா?

என்றும் உன்,
ஆசிரியன்

*

பிப்ரவரி 21

ஆசிரியருக்கு,

பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் உரைகல்.

"இவர் எழுதாமல் இருப்பதே மொழிக்குச் செய்யும் தொண்டு" என்று அவர் எழுதிய அன்று, எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தோளில் கை போட்டு, "அந்த ஆளை போன்ல காய்ச்சி எடுத்துட்டேன்டா" என்றாய். அந்தப் பக்கம் யார் எடுத்தது?

பொறியாளன்

*

மார்ச் 9

அருமை நண்பா,

தப்புதான். பட்டியலை முழுதாகப் படிக்காமல் எழுதிவிட்டேன்.

அந்த மாதம் இதழ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சண்டை வந்தால்தான் கூட்டம் வரும். வேறு யாரைத் தாக்கினாலும் கோபித்துக்கொண்டு போய்விடுவான். நீ போகமாட்டாய் என்ற உரிமை. அது தொழில். என் மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உன் கதையை நேற்று படித்தேன். அற்புதம். கண் கலங்கிவிட்டது. அடுத்த இதழில் முதல் படைப்பு அதுதான். அதையடுத்து நல்லதாக இரண்டு வாசகர் கடிதம் வரும்படியும் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
ஆசிரியன்

*

மார்ச் 15

ஆசிரியருக்கு,

இடமாற்றம் முடிந்தது. எல்லாப் படைப்புகளும் வந்து சேர்ந்துவிட்டன. தேடினால் உடனே கிடைக்கும்.

முப்பது பேருக்கும் தனித்தனி முகவரி உருவாக்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தனி ஆட்களாகவே இருப்பார்கள். உரைகல்லை மட்டுமாவது உன் வரிசையில் சேர்த்துவிடலாம் என்று கை போனது. சேர்த்தால் அதைக் கண்டித்து மறுநாளே நான்கு பேர் எழுதுவார்கள், நீ பெருந்தன்மையோடு அவர்களை அமைதிப்படுத்துவாய் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

கதை அற்புதம் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரு வார்த்தை அதுதான். உன் கடிதத்தை என் மனைவியிடம் காட்டினேன். "சந்தோஷம்தானே?" என்றாள். அன்று எழுதியது தொழில் என்றால் இதுவும் தொழில். இது மனசிலிருந்து வந்தது என்றால் அதுவும் அங்கிருந்துதான் வந்திருக்கும். இரண்டில் எது எனக்கு நல்லது என்று நாள் கணக்கில் யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை.

அடுத்த இதழிலிருந்து கதையை நீக்கிவிட்டேன். வாசகர் கடிதங்களை வேறு யாருக்காவது பயன்படுத்திக்கொள்.

தளத்தின் கடவுச்சொல் தனி உறையில் வருகிறது. வந்ததும் மாற்றிவிடு, எனக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டாம்.

பொறியாளன்