ஸ்கேன் அறையில் கேட்ட குரல்

ஆகஸ்ட் 14, செவ்வாய்

மூன்று மாதமாக வயிற்று வலி, ஆள் பாதியாக இளைத்துவிட்டேன். இன்று ராயபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவினாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

இருபது வருடமாக விசைப்படகு ஓட்டுகிறேன். கடலுக்கடியில் மீனைக் காட்டும் எக்கோ திரையும் இந்த ஸ்கேன் திரை மாதிரிதான். விலாவுக்குக் கீழே திட்டாக ஒன்று தெரிந்தது. படகில் என்றால் வலையை இறக்கச் சொல்லிக் கத்தியிருப்பேன். அவள் திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இன்னா கீதும்மா?"

"ஒண்ணுமில்லைங்க. டாக்டரப் பாருங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நல்ல மீன் பட்ட நேரத்தில் வேறு படகுக்காரன் வயர்லெஸ்ஸில் கேட்டால், இடத்தைக் காட்டிக்கொடுக்காமல், "ஒண்ணும் இல்ல மாமு" என்று நான் சொல்வேனே, அதே குரல்.

வீட்டில் மனைவி கேட்டாள். "ஒண்ணும் இல்லயாம்" என்றேன்.

அவள் அப்பாவும் படகு டிரைவர்தான். அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவள். சோற்றைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"எம்மாம் பெருசுய்யா கீது?"