மேஸ்திரி என்று சொல்லிப் போன அப்பாவுக்கு

என் பிரியமுள்ள அப்பா,

நேற்று உங்கள் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக நடந்தது. அம்மா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அவளே சோறு போட்டாள். "அந்த மனுசன் இருந்திருந்தா போற வழியில நிக்கறவங்களையும் கூட்டிக்கினு வந்திருப்பாரு" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

உங்களிடம் உடனே சொல்லியாக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தைக் கோயில் மாதப் பத்திரிகையில் போடப் போகிறார்கள், நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் பதினோராம் வகுப்பு முடித்த வருடம் அது. நம் கிணறு வற்றி மூன்று கோடை ஆகியிருந்தது. இண்டூர்ப் பக்கத்தில் நிலம் இருந்தும் விதைக்க வழியில்லை. கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். அது கிடைத்தால் கல்லூரியில் பியூசி, கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி. சித்தப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் நேர்காணலுக்காகத் தினமும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். தலைநகரங்கள், மந்திரிகள், மழை எப்படி உண்டாகிறது, எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டேன். 'மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர்' என்று கண்ணாடி முன்னால் நின்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் சிஸ்டர் சொன்னார்: "அப்பாவும் வரணும் லூர்து. குடும்ப நிலைமையை அவர்கிட்டதான் கேட்பாங்க." அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஏன் என்று ஊருக்கே தெரியும். மழை எப்படி, மாடு எப்படி என்று யார் எதைக் கேட்டாலும் உங்களிடம் ஒரே பதில்தானே? "தோத்திரமுங்க, ஒண்ணும் கொறையில்லைங்க." உலை வைக்க அரிசி இல்லாத அன்றைக்கும் அதேதான். அதை அந்த அதிகாரிகளிடம் சொல்லி வைத்தால், குறையில்லாதவர் பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் எதற்கு என்று அனுப்பிவிட மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கிணற்று மேட்டில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? மடியில் முறத்தோடு அம்மாதான் அதிகாரி.

"என்னாங்க, குடும்பம் எப்படி நடக்குது?" என்றாள் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு.

"ஒண்ணும் கொறை..."

"அப்பா!"

"சரி, சரி. மறுபடி கேக்கச் சொல்லு."

அம்மா மறுபடி கேட்டாள். நீங்கள் தொண்டையைக் கனைத்து, துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "சுமாராப் போவுதுங்க."

"சுமார்னா குடுக்க மாட்டாங்கப்பா. கஷ்டம்னு சொல்லுங்க."

"அதெப்படி பாப்பா, முன்னபின்ன தெரியாதவங்ககிட்டப் போயி மூக்கைச் சிந்தறது?"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "உசுரே போனாலும் இந்த மனுசன் வாயில அது வராதுடி!" எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க ரோசத்தை வச்சிகினு நீங்களே பியூசி படிங்க!" என்று கத்திவிட்டுப் போனேன். அதற்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன் அப்பா.

மறுநாள் வழக்கம்போல் மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினீர்கள். மாங்காய்ப் பருவத்தில் அங்கே ஒரு தோப்பில் மேஸ்திரி வேலை என்று முந்தின வருடமே சொல்லியிருந்தீர்கள். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்குவது. திங்கள் போனால் சனிதான் வருவீர்கள். உங்கள் மிடுக்குக்கு அது பொருத்தமான வேலைதான் என்று நானும் நம்பினேன். கூலிக்குப் போகாத குடும்பம் என்று நமக்கு ஊருக்குள் ஒரு பேச்சு உண்டே.

வியாழக்கிழமை நேர்காணல். தோப்பிலிருந்து நேராக வந்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தீர்கள், தலையில் ஒரு கூடை மாம்பழத்தோடு!

"இது எதுக்குப்பா?"

"நாலு பெரிய மனுசங்களைப் பாக்கப் போறம். வெறுங்கையை வீசிகினா போறது?"

உதவி கேட்கப் போகிறவர் கூடை நிறையப் பழம் சுமந்துபோவதை எங்கேயாவது கண்டதுண்டா? நம்மைத் தோப்புக்காரர் என்று நினைத்துவிடுவார்கள், வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே!

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வயதான ஒருவர், பக்கத்தில் ஒரு கல்லூரி அம்மா, ஓரத்தில் எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். தலைநகரங்கள் எல்லாம் சரளமாக வந்தன. மழை எப்படி உண்டாகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் திக்கினேன். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். கூடையோடு உள்ளே வந்தீர்கள்.

பெரியவர் கூடையைப் பார்த்தார். கையிலிருந்த என் விண்ணப்பத்தைப் பார்த்தார். அதில் வறண்ட நிலம் என்று நான்தான் எழுதியிருந்தேன். "பழம் நல்லாயிருக்கே. தோப்பு உங்களுதா?" என்று கேட்டார்.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இல்லைங்க. அது வேற ஒருத்தரு தோப்புங்க. நானு அங்க மரமேறிக் காய் பறிக்கிறனுங்க. கூலிக்கு."

கண்ணைத் திறந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துச் சொன்னீர்கள்: "வூட்ல மேஸ்திரி வேலைன்னு சொல்லி வச்சிருக்கனுங்க. இந்தப் புள்ளைக்கே இப்பத்தான் தெரியும். கெணறு வத்திப் போச்சுங்க. கொறை இருக்குதுங்க, நெறையவே இருக்குது. நானு சொல்றதில்லை, அவ்வளவுதான். பாப்பா படிக்கணுங்க."

பெரியவர் கிளார்க்கிடம் "எழுதிக்கோங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு உங்களிடம், "பழத்தை நாங்க வாங்கக் கூடாதுங்க. நீங்களும் பொண்ணும் சாப்பிடுங்க" என்றார்.

வெளியே வந்தபோது எனக்கு வெட்கமா, அழுகையா, சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தாண்டி, அப்பாடா என்றிருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்தடியில் கூடையை இறக்கி, முழங்கைவரை சாறு வழிய நாலு பழம் சாப்பிட்டீர்கள். பக்கத்தில் நின்ற கண்டக்டருக்கும் இரண்டு கொடுத்தீர்கள். "ரெண்டு வருசமா இந்தப் பழம் ஒண்ணுகூட எனக்கு ருசிக்கலை பாப்பா" என்றீர்கள்.

கை கழுவிய பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ தாங்க மாட்டா." சத்தியம் செய்து கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது, ஸ்காலர்ஷிப் கிடைத்தது. நான் படித்து முடித்து, பாலக்கோட்டில் கணக்கு டீச்சரும் ஆகிவிட்டேன். கிணற்றில் மறுபடி தண்ணீர் ஊறும்வரை நீங்களும் ஒவ்வொரு பருவமும் மேஸ்திரியாகவே போய் வந்தீர்கள். "எங்கூட்டுக்காரரு தோப்புல மேஸ்திரி" என்று அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருக்கும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு, இல்லாதவர்களுக்குக் கொடுக்க உங்கள் துணிகளை அம்மா அடுக்கிக்கொண்டிருந்தாள். பழைய நீலச் சட்டை ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

"இதை யாருக்குக் குடுக்கறது? மாங்காப் பால் கறை. எத்தனை சவுக்காரம் போட்டும் போகலை."

"தோப்புல உக்காந்திருந்தப்ப மேல சொட்டியிருக்கும்மா" என்றேன் அவசரமாக. பத்து வருடப் பழக்கம் விடுமா?

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாற்காலில உக்காந்தவருக்கு அக்குள்ல கறை படுமாடி? மொத வாரம் துணி தொவைச்சப்பவே எனக்குத் தெரியும். சனிக்கெழமை தவறாம அந்த மனுசன் கைக்கு எண்ணெய் தேச்சு விட்டனே, எதுக்குன்னு நெனச்ச? தோள்பட்டை வரைக்கும் பால் பட்டு வெந்து கெடக்கும்."

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா உங்கப்பா போறதை நிறுத்தியிருப்பாரு. நீ படிப்பை நிறுத்தியிருப்ப." சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "மேஸ்திரின்னு தெருவெல்லாம் சொன்னது என் பெருமைக்கா? நான் நம்பறேன்னு அவரு காதுல விழட்டும்னுதான்."

கேட்டீர்களா அப்பா? ஒரே வீட்டில் மூன்று பேர், அம்மாவுக்குத் தெரியாமல் நாம், நமக்குத் தெரியாமல் அம்மா, ஒரே ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறோம்! நானும் அம்மாவும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. ஒன்று மட்டும் புரியவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது உங்களுக்கு எதுவுமே தோன்றவில்லையா? இல்லை, உங்களுக்கும் தெரியுமா?

இனி என்னைப் படிக்க வைத்தது எது என்று யார் கேட்டாலும் ஸ்காலர்ஷிப் என்று சொல்லி நிறுத்த மாட்டேன். என் அப்பா கூலிக்கு மரமேறிக் காய் பறித்தார் என்று வகுப்பிலும் சொல்வேன், கோயில் வாசலிலும் சொல்வேன். இது என் வாக்கு. இனி யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. மரத்தைவிட்டு இறங்கி வாங்கப்பா.

உங்கள் மகள்,
லூர்துமேரி