முதல் கடிதத்துக்கே காரை எடுத்தேன்

அன்பு மகள் கேலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருக்கிறோம், அப்பா சுரங்க வேலையை விட்டும் இருமல்தான் அவரை விடவில்லை. குவாம் தீவு வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, கப்பல் வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடுகிறாயா.

உன் தம்பி டிராவிஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். சந்தோஷப்படாதே. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளை ராணுவம் மாதிரி தங்கவைத்துப் படிக்கவைக்கும் முகாமுக்கு அவனே கையெழுத்துப் போட்டுப் போனான் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அங்கிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். சேர்த்த அன்றே சார்ஜென்ட் ஹோலிஸ் என்ற அம்மாள் தாய்மாரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னாள், போனை வாங்கிடுவோம், கடுதாசி மட்டும்தான், முதல் கடுதாசியில எல்லாப் பிள்ளையும் அழும், பதில் எழுதுங்க, காரை மட்டும் எடுக்காதீங்க என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கடிதம் வந்தது, அம்மா, மொட்டை அடிச்சிட்டாங்க, விடியறதுக்கு முன்னாடி ஓட விடுறாங்க, வந்து கூட்டிட்டுப் போ என்று. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது, அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. உன் அப்பா வாசல்வரை வந்து, வெர்னா, பதில் எழுது போதும் என்று இருமிக்கொண்டே கத்தினார், காதில் வாங்கவில்லை. பாவி நான்.

அங்கே போனால் மைதானத்தில் தொப்பி கொடுக்கிறார்கள். முதல் இரண்டு வாரத்தைத் தாங்கியவனுக்குத்தான் அது. டிராவிஸ் தலையிலும் இருந்தது, எங்கேயும் சாய்ந்தே நிற்கிற பையன் கம்பு மாதிரி நிற்கிறான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஏம்மா வந்தே, அது வந்த புதுசுல எழுதினதும்மா, இப்ப சரியாயிட்டேன் என்றான். அப்போதாவது நான் திரும்பியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்கு முடியலடா, நான் தனியா என்ன பண்ணுவேன் என்று ஓவென்று அழுதேன். பின்வரிசையில் ஒருவன், அம்மா பால் பாட்டில் கொண்டாந்திருக்காங்களாடா என்றான், எல்லாரும் சிரித்தார்கள். ஹோலிஸ் அம்மாள் டிராவிஸைத் தனியே கூட்டிப்போய், இது உன் முடிவா, உங்கம்மா முடிவா என்று கேட்டாளாம். என் முடிவுதான் என்று எனக்காகப் பொய் சொல்லி, தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறினான்.

வந்ததிலிருந்து பழையபடி பகலெல்லாம் தூக்கம். முன்பு அவனைப் படிக்கவிடாமல் கெடுத்த அந்த ரிக்கி கூட்டம் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறேன். ஜூலையில் அடுத்த அணியைச் சேர்க்கிறார்கள், அதை விட்டால் வயது தாண்டிவிடும், பிறகு எடுக்கமாட்டார்கள். தாய் போன் பண்ணிக் கேட்டால் செல்லாது, பையனே கேட்க வேண்டும் என்று ஹோலிஸ் சொல்லிவிட்டாள். எந்த முகத்தோடு அவனிடம் சொல்வேன் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன் கேலா. நேற்று அவனே ஹோலிஸுக்குப் போன் பண்ணிப் பேசினான். வைத்துவிட்டு என்னிடம் வந்து, போறேம்மா, ஆனா இந்தத் தடவை கடுதாசி உனக்கு இல்ல, அக்காவுக்கு, அவ கடலைத் தாண்டி கார் ஓட்டிட்டு வர முடியாதுல்ல என்றான். உன் அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன். அவன் கடிதத்தை வாங்குகிற தகுதியை நானே போக்கடித்துக்கொண்டேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள். டிராவிஸ் கடிதம் வந்தால் உடனே பதில் எழுது. அழுது எழுதியிருந்தால் என்னிடம் சொல்லாதே. நான் போன் பண்ணிக் கெஞ்சுவேன், எனக்கே தெரியும். அப்போதும் சொல்லாதே.

உன் அம்மா,
வெர்னா