தடித்த கோட்டின் மேல் மெல்லிய கோடு

இன்று காலை ஆபீஸுக்கு வந்து ஸ்க்ரீனைப் போட்டதும் எனக்குத் திக்கென்றது. உன் தடித்த கோட்டைக் காணோம். சென்னை ஆபீஸில் யாரோ லீவு நாளில் உட்கார்ந்து எல்லா கிராஃபையும் அழகுபடுத்தி வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணி, மயிரிழை போலக் கோடுகள், கண்ணுக்குக் குளிர்ச்சியான நிறங்கள். 'புதுத் தோற்றம் எப்படி?' என்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பதிலே போடவில்லை.

போய்ச் சேர்ந்தவளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கோட்டுக்காக இவ்வளவு கோபப்பட்டால் ஏன் என்று புரிந்துகொள்ள உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ராஜபாளையம் ரோட்டு மாடியில் நீயும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ சிவகிரியிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்தும் எனக்கு முன்பே ஆபீஸில் உட்கார்ந்திருப்பாய். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நான் மூச்சு வாங்க மாடியேறுவேன். "ஊருக்குள்ள இருக்கவளுக்குத்தான் பொழுது விடியாது போலுக்கு" என்று தினமும் ஒரே பாட்டைப் பாடுவாய். நானும் தினமும் சிரிப்பேன்.

நமக்கு வேலை, சில ஆஸ்பத்திரிகளின் டோக்கன் பதிவு ஓடும் இரண்டு சர்வர்களைக் கவனித்துக்கொள்வது. வருகிற வேலையை இரண்டும் பாதிப்பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் கிராஃபில் இரண்டின் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகவே போகும். மேலே இருக்கும் நீலம் தெரியும், அடியில் கிடக்கும் ஆரஞ்சு தெரியாது. ஒரு கோடு தெரிந்தால் இரண்டும் ஒற்றுமையாக ஓடுகின்றன என்று அர்த்தம். அப்படித்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படியே நாமும் நம்பினோம்.

அந்தத் திங்கள்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. திங்கள்கிழமைக் கூட்டம் என்று நினைத்தோம். உண்மையில் ஆரஞ்சுக்காரன் காலையிலேயே உறைந்துபோய், கிராஃபுக்குத் தன் கணக்கை அனுப்புவதை நிறுத்தியிருந்தான். அவன் வேலையையும் சேர்த்து நீலம் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தது. கணக்கு வருவது நின்றால் கத்துகிற அலாரம் ஒன்று வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நீலமும் படுத்தது. ஓர் ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. "எக்கா, இங்கன ஆள் மேல ஆள் நிக்காவ. டயாலிசிஸ்க்கு வந்தவுக தரையில உக்காந்துட்டாவ. ஒரு டோக்கன்கூட விழ மாட்டேங்கு!" போனை எடுத்தவள் நீ. அந்த வாரம் முழுக்க உன் டிபன் பாக்ஸ் பாதியோடுதான் திரும்பிப் போனது.

நிறத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று வீடியோ காலில் சொன்னது சென்னை ஆபீஸ். நீ மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளினாய். "நீலத்த எடுத்துட்டுப் பச்சைய வச்சா அடியில கெடக்கது மேல வந்துருமாட்டி?"

ஊரில் ஆடித்தபசுத் திருவிழா நேரம் அது. கீழே ரோட்டில் நகர முடியாத கூட்டம். நாம் ஜன்னலைச் சாத்திவிட்டு என்னென்னவோ செய்து பார்த்தோம். ஒரு கோட்டைப் புள்ளிப் புள்ளியாகப் போட்டோம், நாள் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் கசகசவென்று ஆனது. ஒன்றை ஒரு நூல் அளவு மேலே தூக்கி வரையலாமா என்று நான் கேட்டேன். அதற்கு நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "கண்ணுக்குத் தெரியணும்ங்கதுக்காகப் பொய்யான நம்பரக் காட்டப்படாது" என்றாய். அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்து, "அரியும் சிவனும் ஒண்ணுன்னு பாக்க நம்மூரு கோமதியம்மா ஒத்தக் கால்ல தவம் நின்னா. இது ரெண்டும் ரெண்டுன்னு காட்ட நாம எத்தன கால்ல நிக்கணுமோ!" என்று நீ சொன்னபோது எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

மறுநாள் வரும்போதே கையில் ஒரு துணித் துண்டு கொண்டுவந்தாய். வீட்டில் நீயே ஜாக்கெட் தைப்பவள். மேலே வரிசையாகத் தையல் இருந்தது. "இழுத்துப் பாரு" என்றாய். இழுத்தேன், மொத்தமும் உருவிக்கொண்டு வந்தது. "அடியில பாபின் நூல் தீந்துபோச்சு. மேல பாத்தா தையல் விழுந்த மாதிரிதான் இருக்கும். நேத்து அரை ஜாக்கெட்ட இப்படித்தான் தச்சு வச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே உட்கார்ந்து அடிக்கோட்டை அகலமாக, வெளிறிய ஆரஞ்சில் போட்டாய். அதன் மேல் நீலத்தை ஒல்லியாக, அழுத்தமாக ஓடவிட்டாய். இரண்டும் ஒரே அளவில் போனாலும் நீலத்தின் இரு பக்கமும் ஆரஞ்சு தெரிந்தது, சேலைக் கரை போல. எது நின்றாலும் மற்றது தனியாக நிற்கும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அலாரத்தையும் அன்றைக்கே வைத்தோம். எவ்வளவு சின்ன வேலை! அதைச் செய்ய உனக்குத்தான் தோன்றியது.

பிறகு உனக்குத் தலைவலி வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. திருநெல்வேலியில் உன்னைப் பார்க்க வந்தபோது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை எடுத்துக் காட்டினாய். "நம்ம டோக்கன்தாம்ட்டி. நல்லா ஓடுதா?" என்று கேட்டாய். ஓடுகிறது என்றேன். வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். அதை இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் வீடியோ காலில் எல்லோரும் இருந்தார்கள். நான் வாதாடவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத, சோதனைக்கென்று வைத்திருக்கும் இரண்டு சர்வர்களின் கிராஃபைப் புதுத் தோற்றத்தில் திறந்தேன். வீடியோ கால் தொடங்கும் முன்பே அதில் ஒன்றை நிறுத்திவைத்திருந்தேன். "சார், இதுல எத்தன ஓடுது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஓடுதேம்மா" என்றார் மேனேஜர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதே கிராஃபை உன் பழைய முறைக்கு மாற்றினேன். ஒல்லி நீலம் மட்டும் அநாதையாகப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் ஸ்க்ரீனுக்குக் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"சரி, ஆஸ்பத்திரி வேலைக்கு மட்டும் பழையபடியே வச்சுக்கோங்க."

"மட்டும்னு இல்ல சார். எல்லா கிராஃபையும் மாத்தணும். ஒண்ணொண்ணா நானே மாத்துதேன்."

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். "உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் வேலை. எவ்வளவு அழகா சமாளிக்கிறீங்க! அவங்க போனப்புறம் ஒரு நாள்கூட எதுவும் நிக்கலையே" என்றார்.

பாராட்டுத்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ இல்லாமல் போயும் எதுவும் நிற்கவில்லையாம். "நிக்கலைன்னா ரெண்டு பேரும் இருக்கோம்னு அர்த்தமில்ல சார். இப்பதான் கிராஃப்ல பாத்திய. அவ வேலையும் என் மேல ஏறிக் கெடக்கு. நானும் ஒருநாள் படுத்துருவேன். ஆள் போடணும்" என்றேன். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். ஆள் வரும்வரை வாராவாரம் கேட்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

எது நன்றாக ஓடினாலும் "இன்னொண்ணு எங்கட்டி?" என்று கேட்கும் உன் புத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. உன் துணிச்சலில் பாதி வந்தால் போதும், சென்னையையே ஒரு வழி பண்ணிவிடுவேன்.

சாயங்காலம் கிளம்பும் முன் டியூட்டி சார்ட்டைத் திறந்தேன். நீ போன மறுவாரமே உன் பெயரை அழித்துவிட்டு அந்தக் கட்டத்திலும் என் பெயரையே போட்டிருந்தார்கள். இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று அங்கிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். உன் கட்டம் இப்போது காலியாக இருக்கிறது, திறக்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் அது படட்டும்.