நோட்டில் எழுதாத மாத்திரை

அக்கா,

இன்று காலை பேத்தி என் சுருக்குப் பையைத் துவைக்க எடுத்துக் கவிழ்த்தாள். ஊக்கு, பாக்குத்தூள், கூடவே நாலு மாத்திரை மிச்சமிருந்த ஒரு அட்டை விழுந்தது. "ஆயா, இது தேதி முடிஞ்சி எத்தினியோ நாளாச்சு. போட்டுடவா?" என்றாள். பிடுங்கிக்கொண்டேன். உனக்குக் கொடுத்தது போக மிச்சம் அது.

மனசு சரியில்லை என்று உன் வீட்டுக்காரர் உன்னை இங்கே கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து உன் மாத்திரை என் பொறுப்பு. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள்தான். ஆனாலும் கோடு போட்டு, காலை, ராத்திரி என்று நோட்டில் ஒரு வேளை விடாமல் எழுதினேன். டாக்டரம்மா அதைப் புரட்டிப் பார்த்து என்னைப் புகழ்ந்தார். வெளியே வந்ததும் நீ, "முழுங்கறது நானு, பேர் வாங்கறது இவ" என்றாய். ஆட்டோக்காரர்கூடச் சிரித்தார்.

கடைசி வருஷம் முட்டி வலி என்றாய். நான் நம்பவில்லை. சுவர் உன்னோடு பேசுகிறது என்பாயே, அதைப் போல இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிவிட்டு எழ முடியாமல் நீ தவழ்ந்து போனதைப் பார்த்தேன். அப்புறம்தான் என் வலி மாத்திரை அட்டையிலிருந்து ஒன்று பிரித்துக் கொடுத்தேன். பிறகு தினமும் காபியோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதை நோட்டில் எழுதவில்லை. தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டுப் பிழைக்கிற நம் தெருவில் வலி மாத்திரையை யார் மருந்து என்று நினைத்தார்கள்? பாக்கு கொடுப்பது போல ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்வோம்.

கொஞ்ச நாளில் உன் கை நடுங்கியது. சுற்றச் சுற்ற இழை அறுந்தது. பேச்சு குழறியது. பழைய வியாதி திரும்பிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"வேற எதனா மாத்திரை குடுக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லமா. நோட்டப் பாருங்க."

நீ தலையைத் தூக்கினாய். "குடுக்கிறா. வெள்ளையா ஒண்ணு. தெனமும் குடுக்கிறா."

நான் சிரித்தேன் அக்கா. "அது பேச்ச எடுத்துக்காதீங்கமா. சோத்துல விஷம் வெக்கிறேன்னுகூட முன்ன சொல்லியிருக்குது" என்றேன். நீ என்னையே பார்த்தாய். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன்னை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். என் முட்டி குடைந்தது. அட்டையை எடுத்து ஒன்று வாயில் போட்டேன். நர்ஸ் பெண் பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆயா அது?"

"வலிக்குமா."

"அவங்களுக்கும் குடுத்தீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் ஓடினாள். வலி மாத்திரை உன் மனசு மாத்திரையை வெளியே போகவிடாமல் தேக்கிவிட்டதாம். அது விஷமாக உடம்பில் ஏறிவிட்டதாம். டாக்டரம்மா சொன்னபோது நீ கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்த தெருவே என்னைப் புகழ்ந்தது. "கூடப் பொறந்தவ யாரு இப்படிப் பாத்துக்குவா?" என்றார்கள். நான் உன் நோட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது தண்ணி டம்ளரைக் கையில் எடுத்தாலே, நீ சாய்ந்து உட்காருவாயே, அந்தச் சுவரிலிருந்து "குடுக்கிறா" என்று கேட்கிறது.

அட்டையைப் பிடுங்கிய கையோடு உன் நோட்டை எடுத்தேன். கடைசியாக எழுதிய பக்கத்தில் கோட்டுக்கு வெளியே இடமிருந்தது. காலை வெள்ளை ஒன்று, சாயங்காலம் வெள்ளை ஒன்று, கொடுத்தது நான், அக்கா சொன்னது நிஜம் என்று எழுதினேன். எழுத்து கோணல்தான். பேத்தி பையைத் துவைத்துவிட்டு வந்ததும் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லப் போகிறேன். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து.