கிழிசலும் வெட்டும்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவும் தங்கச்சியும் சுகம்தானே? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் என் இடது மார்பில் மொச்சை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வரவில்லை. "அது பொம்பளைங்க வியாதியாச்சே" என்று சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஆம்பளைக்கும் வரும். அப்பாகிட்டருந்து மரபணு வழியா உங்களுக்கும் வரலாம், கூடப்பிறந்த பொண்ணுக்கும் போயிருக்கலாம். அந்தக் கோளாறு மரபணு இருந்தா வந்தே தீரும்னு இல்ல. வயசு, எடை, குடின்னு ஏதோ ஒண்ணு அத எழுப்பி விட்டுடும். உங்க அப்பாவுக்கு மார்புல ஆபரேஷன் ஏதாவது?"

இல்லை என்றேன். அறைக்குத் திரும்பியதும் உங்கள் பனியன் நினைவுக்கு வந்தது.

குளிக்கும்போதுகூட நீங்கள் ஏன் பனியனைக் கழற்றியதில்லை? ஒருமுறை ஈரப் பனியனுக்குள் மார்பில் ஒரு தழும்பைப் பார்த்துக் கேட்டேன். "முள்கம்பி கிழிச்சதுடா" என்றீர்கள். ஆறு வருடமாகத் துணி வெட்டுகிறேன் அப்பா. கிழிசல் எது, வெட்டு எது என்று எனக்குத் தெரியாதா? அது ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது.

கோபமில்லை என்றால் பொய்.

கை வைத்த பனியன் இரண்டு அனுப்புங்கள், உங்களுடையது போலவே. அறையில் எட்டுப் பேர். சட்டையைக் கழற்றக் கூச்சமாக இருக்கிறது.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்களே ஒரு ஃபைல், அது வீட்டுப் பத்திரம் என்று இனி நம்ப மாட்டேன். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள். தங்கச்சியை எடுக்கச் சொல்லுங்கள். அவளும் படிக்க வேண்டும்.

உங்கள் மகன்