நாற்காலி வேண்டாம்

மார்ச் 4

அன்புள்ள ஓட்டக்காரிக்கு,

நலம். உன் அக்கா வீட்டிலும் எல்லோரும் நலம்தானே? நீ மலையில் நூறு கிலோமீட்டர் ஓடப்போவதாக அக்கா சொன்னார். சிரித்துவிட்டேன். பஸ் கிளம்பினால்கூட "அடுத்தது வரும்" என்று நிற்பவளாயிற்றே நீ! அவ்வளவு தூரம் என்ன சாப்பிடுவாய்? எங்கே தூங்குவாய்? வழி தவறினால்? மரம் இழைக்க இழைப்புளி பிடித்த கையோடு இதே யோசனை.

நீ நம் வீட்டைவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஏன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

உன் தச்சன்

மார்ச் 19

அன்புள்ள தச்சருக்கு,

கேள்வி கேட்டே துளைத்தெடுக்கிறீர்கள்! அவித்த உருளைக்கிழங்கு, உப்புத் தொட்டு. தூக்கம் கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பிழிகிறது. அதனால் அக்காவின் அடுக்குமாடியில் லிஃப்டில் மேலே போய், படியில் இறங்கிப் பழகுகிறேன். வாட்ச்மேன், "எல்லாரும் மாத்தித்தானேம்மா செய்வாங்க?" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஏன் போனேன்? கல்யாணமானதிலிருந்து நீச்சல், தையல் கடை, எதை ஆரம்பித்தாலும் இரண்டாம் நாளே "போதும், வந்து உட்காரு" என்பீர்கள். அன்பாகத்தான். நானும் உட்கார்ந்துவிடுவேன். அதுதான்.

இப்படிக்கு,
நான்

மே 2

அன்புள்ள உனக்கு,

ஓட்டப் பாதையின் கடைசி முகாமில் உதவிக்கு வீட்டு ஆள் ஒருவர் நிற்கலாமாமே? நான் வரட்டுமா? அங்கே நீ உட்கார, சாய்வோடு ஒரு மடக்கு நாற்காலியும் செய்துவிட்டேன்.

உன் தச்சன்

மே 10

அன்புள்ள தச்சருக்கு,

வாருங்கள். நாற்காலி வேண்டாம். அங்கே உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் எழுந்திருப்பதில்லை. "முடியுமா?" என்றும் கேட்கக் கூடாது. "போதும்" என்றீர்களோ, நம் உறவும் அத்தோடு முடிந்தது.

நான்

ஜூன் 7

அன்புள்ள உங்களுக்கு,

கால் நகம் பெயர்ந்து, அழுதுகொண்டேதான் அந்த முகாமுக்கு வந்தேன். "போதும்" என்ற அந்தச் சொல் உங்கள் உதடு வரை வந்துவிட்டது. பார்த்தேன். கையில் உருளைக்கிழங்கைத் திணித்து, "கிளம்பு, மழை வருது" என்றீர்கள். இவ்வளவு சீக்கிரம் துரத்துகிறாரே என்று கோபம்கூட வந்தது, போங்கள்!

முடிவுக் கோட்டுக்குக் கடைசி ஆளாக வந்தேன். ஆனால் வந்துவிட்டேன். நான் திரும்பிப் பார்த்தால் வாய்தவறிவிடும் என்று பயந்து அப்போதே பஸ் ஏறிவிட்டீர்களாமே, அக்கா சொல்லிச் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். பையோடு. தொடை மடங்கவே மாட்டேன் என்கிறது. அந்த நாற்காலியை எடுத்துப் போட்டு வையுங்கள்.

உங்கள்
ஓட்டக்காரி